குதிரைச் சக்தியை எடைபோடுவது எப்படி?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு ஃபோர்ட் மஸ்டாங் ஊர்ந்து போனால் போதும். தேநீர் மேசையில் அதுவரை நடந்த பேச்சு அப்படியே நின்றுவிடும். "எத்தனை குதிரை மச்சான்?" என்பது முதல் கேள்வி. "என்ன விலை?" என்பது இரண்டாவது. அந்தச் சக்தி எந்த நேரத்தில், எந்தச் சாலையில், யாருக்குப் பயன்படும் என்ற மூன்றாவது கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

கார்களின் மீதுள்ள ஆர்வம் தவறன்று. இயந்திரவியல், இயற்பியல், பொருளாதாரம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடம் அது. ஆனால், நம் மாணவர்களில் பலர் பட்டம் பெற்ற ஓரிரு ஆண்டுகளிலேயே ஒன்பது ஆண்டு வாடகைக் கொள்முதல் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள். சிலர் ஏற்கெனவே இட்டுவிட்டவர்கள். ஆகவே, ஒரு காரின் சக்தியையும் புதிய வசதிகளையும் முறையாக எடைபோடத் தெரிந்திருப்பது நல்லது. அதற்கு மஸ்டாங்கையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மஸில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத ஓர் உடலில் மிகப் பெரிய வி8 இயந்திரத்தைப் பொருத்தி விற்பது 1960களில் அமெரிக்காவில் பரவிய வழக்கம். அவ்வகைக் கார்களே மஸில் கார் என்று பெயர் பெற்றன. 1964 ஏப்ரல் 17ஆம் நாள் அறிமுகமான மஸ்டாங், கண்டிப்பான பகுப்பில் அதைவிடச் சற்றுச் சிறிய வகையைச் சேர்ந்தது. ஆயினும் நாளடைவில் அதுவே அக்குடும்பத்தின் அடையாளமாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் 10 இலட்சம் வண்டிகள் தயாராயின.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974ஆம் ஆண்டின் மஸ்டாங்கில் வி8 இயந்திரமே கிடையாது. அதன் அடிப்படை வகையில் இருந்தது 2.3 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம். அது தந்த சக்தி 90 குதிரைக்கும் குறைவு. 2015ஆம் ஆண்டின் மஸ்டாங்கிலும் ஒரு 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் இயந்திரம் உண்டு. ஈகோபூஸ்ட் எனப்படும் அது, அமெரிக்க அளவீட்டில் 310 குதிரைச் சக்தி தருகிறது. கொள்ளளவு ஒன்றே, நாற்பது ஆண்டுகளில் சக்தி மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. டர்போ, நேரடி எரிபொருள் பீய்ச்சல், கணினிக் கட்டுப்பாடு ஆகியவை செய்த வேலை அது. ஆக, சிசி கணக்கை மட்டும் பார்த்து ஒரு காரின் வலிமையைச் சொல்லும் காலம் என்றோ முடிந்துவிட்டது எனலாம்.

ஆறாம் தலைமுறையான இந்த மஸ்டாங்கே ஆலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் தயாரான முதல் தலைமுறை. அதனால்தான் 2016இல் அது மலேசியாவிலும் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது. 2.3 ஈகோபூஸ்ட், 5.0 ஜிடி என இரண்டு வகைகள். முதலாவது ஏறக்குறைய 5 இலட்சம் ரிங்கிட். இரண்டாவது ஏறக்குறைய 6 இலட்சம். உடனே இங்குள்ள ஆர்வலர்களிடையே ஒரு வாதமும் பிறந்தது. நான்கு சிலிண்டர் மஸ்டாங்கும் மஸ்டாங்தானா?

எண் எங்கே பிறக்கிறது?

இந்த வாதத்திற்கு விடை காண, குதிரைச் சக்தி என்ற எண் எப்படிப் பிறக்கிறது என்று அறிய வேண்டும்.

மிதிவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிகட்டையைக் கால் அழுத்தும் திருகலே முறுக்கு விசை. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மிதிக்கிறோம் என்பது சுழற்சி வேகம். இரண்டையும் பெருக்கினால் வருவது சக்தி. மெதுவாக அழுத்தி மிதிப்பவரும், இலேசாக ஆனால் வேகமாக மிதிப்பவரும் ஒரே சக்தியைத் தரமுடியும். காரிலும் அதே கணக்குதான். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்கு விசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஒரு குதிரைச் சக்தி 0.746 கிலோவாட்.

2015ஆம் ஆண்டு ஜிடியின் 5.0 லிட்டர் வி8 தருவது 435 குதிரைச் சக்தி. ஆனால், அந்த எண் நிமிடத்திற்கு 6,500 சுழற்சியில் மட்டுமே உண்மை. அதன் உச்ச முறுக்கு விசையான 542 நியூட்டன் மீட்டர் 4,250 சுழற்சியில் வருகிறது. ஈகோபூஸ்ட்டிலோ 434 நியூட்டன் மீட்டர் 3,000 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், அந்த நிலையில் அது தருவது 136 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 183 குதிரைச் சக்தி. 310 என்ற முழு எண்ணைக் காண 5,500 சுழற்சி வரை மிதிக்க வேண்டும். ஏற்றுமதி வண்டிகளில் இவ்வெண்கள் சற்று மாறும், தத்துவம் மாறாது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு எந்தக் காரும் 6,500 சுழற்சியைத் தொடுவதில்லை. நாம் அன்றாடம் ஓட்டுவது 1,500 முதல் 3,000 சுழற்சிக்குள்தான். எனவே, விளம்பரத்தில் உள்ள உச்ச எண்ணைவிட, அந்த இடைவெளியில் இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

வி8 ஆதரவாளர்களின் பக்கமும் நியாயம் உண்டு. டர்போ சுழன்று காற்றழுத்தம் ஏறும் வரை சிறு தாமதம் இருக்கும். வி8இல் அது கிடையாது. மிதித்த கணமே பதில் வரும். ஓசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈகோபூஸ்ட் மஸ்டாங்கில் இயந்திர ஓசையை ஒலிபெருக்கி வழியாக மிகைப்படுத்தி உள்ளே கேட்கச் செய்தனர். ஒரு வசதி எதை நிறைவு செய்ய வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சக்தியை எடையால் வகுத்தல்

அடுத்த படி எளியது. குதிரைச் சக்தியைக் காரின் எடையால் வகுக்க வேண்டும். ஜிடியின் எடை ஏறக்குறைய 1,680 கிலோ. ஆகவே ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 259 குதிரை. ஈகோபூஸ்ட் ஏறக்குறைய 1,600 கிலோ, டன்னுக்கு 194. பெரோடுவா மைவி 1.5 தருவது 102 குதிரைச் சக்தி. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். டன்னுக்கு நூறு என்று வைத்துக்கொள்ளலாம்.

எடை குறைந்தால் சிறிய இயந்திரமும் சுறுசுறுப்பாகும். நம் நாட்டு ஆர்வலர்கள் 1998இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயை இன்றும் கொண்டாடுவதன் இரகசியம் இதுதான். அதன் 1.8 லிட்டர் இயந்திரத்தில் இருந்தது 138 குதிரைச் சக்தி மட்டுமே. ஆனால் வண்டி சிறியது. புரோட்டோன் 1996இல் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தார் அதன் சஸ்பென்ஷனைச் செப்பனிட்டனர். வளைவுகளில் அது காட்டிய பிடிமானமே அதற்குப் பெயர் வாங்கித் தந்தது.

வசதிகளை நான்காகப் பிரித்தல்

புதிய கார் ஒன்றின் வசதிப் பட்டியல் இன்று பல பக்கம் நீளும். அதை நான்காகப் பிரித்தால் குழப்பம் தீரும்: பார்ப்பதற்கு, ஓடுவதற்கு, பிடித்து நிறுத்துவதற்கு, காப்பதற்கு.

2018ஆம் ஆண்டின் மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 12 அங்குல மின்னியல் கருவிப்பலகை, பார்ப்பதற்கு. 460ஆக உயர்ந்த குதிரைச் சக்தியும் பத்து வேகத் தானியங்கி கியரும், ஓடுவதற்கு. சாலையின் தன்மைக்கேற்ப நொடிக்குப் பல முறை இறுக்கம் மாறும் காந்தத் திரவ டேம்பர், பிடிமானத்திற்கு. முன்னே மோதல் நேரும் என்று கண்டால் தானே பிரேக் போடும் கருவி, காப்பதற்கு.

விற்பனையாளர்கள் முதலிரண்டையும் முன்னே காட்டுவார்கள். ஆனால் மஸ்டாங்கின் வரலாற்றிலேயே பெரிய மாற்றம் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. சில சிறப்பு வகைகள் நீங்கலாக, ஐம்பது ஆண்டுகளாக மஸ்டாங்கின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் ஆட்டம் காணும். 2015ஆம் ஆண்டின் வண்டியில்தான் எல்லா வகைகளுக்கும் தனித்தனியே அசையும் பின்சஸ்பென்ஷன் வந்தது. அதன் பிறகே மஸ்டாங் நேர்கோட்டில் மட்டும் ஓடும் வண்டி என்ற பேச்சு குறைந்தது. குதிரைச் சக்தியில் ஒன்றும் கூட்டாமல், உள்ள சக்தியைப் பயன்படுத்தக்கூடியதாக ஆக்கிய வசதி அது.

நட்சத்திரங்கள் சொல்லும் செய்தி

நான்காம் பிரிவுக்கு வருவோம். 2017 ஜனவரியில் யூரோ என்கேப் என்னும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு மஸ்டாங்கிற்கு ஐந்தில் இரண்டே நட்சத்திரங்கள் வழங்கியது. கார் உலகம் அதிர்ந்தது. முன்பக்க மோதலில் ஓட்டுநர், பயணி இருவரின் காற்றுப்பைகளும் போதிய அளவு விரியவில்லை. பின்னிருக்கைப் பட்டையில் இறுக்கும் கருவி இல்லாததால், பின்னால் இருந்த சோதனைப் பொம்மை பட்டைக்கு அடியில் வழுக்கிச் சென்றது. குழந்தைப் பாதுகாப்பில் 32 விழுக்காடு, பாதுகாப்பு உதவிக் கருவிகளில் 16 விழுக்காடு.

அதே ஆண்டு ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட வண்டி மூன்று நட்சத்திரம் பெற்றது. தானியங்கிப் பிரேக், தட உதவி ஆகியவை சேர்ந்ததால் உதவிக் கருவிகளுக்கான மதிப்பு 16இலிருந்து 61 விழுக்காடாகத் தாவியது. குழந்தைப் பாதுகாப்போ அதே 32 விழுக்காட்டில் நின்றது. கருவிகளைப் பின்னர் பொருத்தலாம். உடலின் அமைப்பை எளிதில் மாற்றமுடியாது என்பது இதில் உள்ள பாடம். இந்தத் தலைமுறை மஸ்டாங் அமெரிக்க அரசின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரு சோதனைகளும் கேட்கும் கேள்விகள் வேறு. எனவே, எத்தனை நட்சத்திரம் என்பதோடு, எந்தச் சோதனையில், எந்த ஆண்டில் என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

அதே 2017ஆம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டில் மூன்றாம் தலைமுறை மைவி வெளிவந்தது. ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். அதன் உயர்ந்த வகையில், குறைந்த வேகத்தில் மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் போடும் கருவி இருந்தது. விலை 55,300 ரிங்கிட். இரு அமைப்புகளின் நட்சத்திரங்களையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவு. மஸ்டாங்கில் அக்கருவி இடம்பெற்ற காலத்திலேயே, அதன் விலையில் பத்தில் ஒரு பங்குள்ள காரிலும் அது கிடைத்தது.

இது வெறும் புள்ளிக்கணக்கு அன்று. மலேசியச் சாலைகளில் 2016இல் 7,152 பேர் உயிரிழந்தனர். 2019இல் 6,167 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளோட்டிகள். காரின் உள்ளே இருப்பவரைக் காப்பதோடு, காரின் முன்னே வருபவரைக் காணும் கருவியும் நமக்கு வேண்டியிருக்கிறது.

மலேசியக் கணக்கு

அமெரிக்காவில் ஜிடியின் தொடக்க விலை 2015இல் ஏறக்குறைய 32,000 டாலர். அங்கே அது பணியாளர் ஒருவர் கனவு காணக்கூடிய கார். இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இங்கே அதுவே செல்வந்தரின் கார் ஆகிவிட்டது.

வாங்கியதோடு முடிவதில்லை. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்குச் சாலை வரி சிசி அளவில் விதிக்கப்படுகிறது. 1,401 முதல் 1,600 சிசி வரை 90 ரிங்கிட் மட்டுமே. 3,000 சிசிக்கு மேல் போனால் 2,130 ரிங்கிட்டோடு, கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட். ஜிடியின் 4,951 சிசிக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 10,909.50 ரிங்கிட். ஈகோபூஸ்ட்டுக்கு ஏறக்குறைய 640 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகளுக்கு ஜிடியின் சாலை வரி மட்டும் 98,000 ரிங்கிட்டைத் தாண்டும். அதாவது, 2017ஆம் ஆண்டு விலையில் ஒரு மைவியை வாங்கிய பின்னும் கையில் 40,000 ரிங்கிட்டுக்கு மேல் மிஞ்சும்.

காப்புறுதியும் உண்டு. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே இடர் பார்த்து நிர்ணயிக்கலாம். இளம் ஓட்டுநர், சக்தி மிக்க கார் என்ற கூட்டணி எந்த நிறுவனத்திற்கும் உவப்பானதன்று.

சக்தி மலிவானால்?

இத்தனை காலமும் விலையும் வரியுமே இளைஞருக்கும் அதிசக்திக்கும் இடையே வேலியாக இருந்தன. அந்த வேலி இப்போது தளர்ந்து வருகிறது. 2024 பிப்ரவரியில் இங்கே அறிமுகமான பிஒய்டி சீல் மின்சாரக் காரின் உயர்ந்த வகை 390 கிலோவாட் சக்தி கொண்டது. அதாவது 520 குதிரைக்கும் மேல். அறிமுக விலை 199,800 ரிங்கிட். மஸ்டாங் ஜிடியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு!

அதன் எடை ஏறக்குறைய 2.2 டன். ஆகவே, டன்னுக்கு ஏறக்குறைய 239 குதிரை. 2015ஆம் ஆண்டு ஜிடியைவிடக் குறைவு. ஆயினும் நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகத்தை 3.8 விநாடியில் தொட்டுவிடுகிறது. ஜிடிக்கு ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. காரணம், மின்மோட்டார் முதல் சுழற்சியிலேயே முழு முறுக்கு விசையைத் தரும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து தள்ளும். டன்னுக்கு எத்தனை குதிரை என்ற கணக்கும் தனியே போதாது என்பதை இது காட்டுகிறது.

மின்சாரக் கார்களுக்கு 2025 இறுதி வரை சாலை வரி விலக்கு இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் மோட்டாரின் கிலோவாட் அளவே வரிக்கு அடிப்படை. கொள்ளளவை அளந்து வந்த அரசும் இனிச் சக்தியையே நேராக அளக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனாலும் 2 இலட்சம் ரிங்கிட் கார் இளைஞருக்கு எளிதன்று. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 180,000 ரிங்கிட்டை 108 மாதங்களால் வகுத்தால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 1,667 ரிங்கிட். பயன்படுத்திய கார் சந்தைக்கு இவை வந்து சேரும்போது அந்த எண்ணும் இறங்கும். அன்று ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டே ஆன ஒருவர் 500 குதிரைகளின் கடிவாளத்தைப் பிடிக்கக்கூடும்.

வள்ளுவர் காட்டும் தராசு

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். செய்யும் வேலையின் வலிமை, செய்பவனின் வலிமை, எதிர்நிற்பதன் வலிமை, துணைநிற்பதன் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. அதே அதிகாரத்தில், மயிலிறகு போன்ற மெல்லிய பொருளும் அளவு மீறினால் வண்டியின் அச்சு தாங்காது என்ற உவமையும் வருகிறது. வலிமையைப் பற்றிச் சொல்ல வந்தவர் வண்டியை எடுத்துக்காட்டியது நமக்கு மிகவும் பொருந்தும்.

கார் வாங்குமுன் இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம். வேலை எது? கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நெரிசலில் போய்வருவதா, மாதம் ஒருமுறை காராக் நெடுஞ்சாலையில் ஏறுவதா? நம் வலிமை எவ்வளவு? மாதச் சம்பளமும் ஓட்டும் பயிற்சியும் இதில் அடங்கும். எதிர்நிற்பது எது? மாலை மழை, வழுக்கும் சாலை, களைப்பு. துணை எது? டயர், பிரேக், பட்டை, காற்றுப்பை, தானியங்கிப் பிரேக்.

துணையின் வலிமை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 110 கிமீ வேகத்திலிருந்து 180 கிமீக்குப் போனால் வேகம் ஏறக்குறைய 64 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.7 மடங்காகிறது. 110 கிமீ வேகத்திலேயே ஒரு விநாடியில் கார் 30 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, காலை மாற்றும் அந்த ஒரு விநாடியைக் குறைக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது.

சக்தியை உணர்ந்தே ஆக வேண்டும் என்போருக்கு உரிய இடம் உண்டு. ஒரு காலத்தில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே பத்து தீகாவில் பந்தயத் தடம் இருந்தது. 2003இல் அது மூடப்பட்டது. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடம் இன்றும் இருக்கிறது. சொந்தக் காரைக் கொண்டுசென்று ஓட்டும் நாள்களும் அங்கே நடக்கின்றன. எதிரே வண்டி வராத, மருத்துவ உதவி அருகில் இருக்கும் இடத்தில்தான் 6,500 சுழற்சி என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு.

நண்பர்களே, தேநீர் மேசையில் "எத்தனை குதிரை?" என்று கேட்பதை நாம் விடப் போவதில்லை, விடவும் வேண்டாம். அதோடு இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோம். அந்தக் குதிரைகள் எத்தனை சுழற்சியில் வருகின்றன? எவ்வளவு எடையை இழுக்கின்றன? எது அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது? ஒன்பது ஆண்டுகளுக்கு யார் தீனி போடுவது? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவர் மஸ்டாங் வாங்கினாலும் மைவி வாங்கினாலும் தமக்கு ஏற்ற வண்டியையே வாங்கியிருப்பார்.